கத்தரிக்காய் உனக்கு ஆகும்

அன்புள்ள தம்பி,

கடிதத்தைப் பிரித்ததும் யாரோ சின்னப் பிள்ளை கிறுக்கியது என்று ஓரமாக வைத்துவிடாதே. எழுதுவது நான்தான், உன் அப்பன். என் கையாலேயே எழுதுகிறேன். எழுத்துகள் கோட்டில் நிற்காமல் மேலும் கீழும் போவதையும், பெரிதாகத் தொடங்கும் வரி தாளின் ஓரத்துக்கு வரும்போது எறும்பாகச் சுருங்கிவிடுவதையும், நடுநடுவே மை கொட்டியிருப்பதையும் பொறுத்துக்கொள். அண்டாக் கரண்டி பிடித்துக் காய்த்த விரலுக்குள் இந்தப் பேனாக் கட்டை நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு மூச்சில் ஏழெட்டு வரிதான் முடிகிறது. அதற்குள் தோள் வலிக்கிறது. ஆனாலும் சோற்றுப் பானையை இறக்கியவுடன் வந்து உட்கார்ந்துவிடுகிறேன். இப்படி ஒரு சந்தோஷம் இருக்கிறது என்று இத்தனை வயதுவரை எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று கோபம்கூட வருகிறது.

இங்கே ஆரம்பப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சாயங்கால நேரத்தில் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறார். பேத்தி வயதுப் பிள்ளைகள் ஜன்னலில் நின்று சிரிப்பதைப் பார்த்துக்கொண்டே அதே பலகையில் நான் எழுதினேன். முதன்முதலாகத் தெருவில் நான் படித்தது ஒரு பஸ்ஸின் நெற்றியில் இருந்த பெயர். கீ, ர, னூ, ர். படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஆனாலும் படித்துவிட்டேன். ஏறிப் போகவில்லையே தவிர, அன்று கீரனூர் போய் வந்ததுபோல இருந்தது.

படிக்கத் தெரிந்தால் மனத்தில் இருக்கிற சந்தேகம் குறையும் என்று நினைத்தேன். அது கூடிவிட்டது. இதுவரை உன் கடிதங்களை எனக்குப் படித்துச் சொன்னவர் முக்குக் கடைக்காரர். ஒவ்வொரு தடவையும் இரண்டு பக்கத்தைக் கண்ணால் மேய்ந்துவிட்டு, "எல்லாம் சௌக்கியமாம்ணே, ஒங்களையும் கேட்டிருக்கான்" என்று மடித்துக் கொடுத்துவிடுவார். போன மாதம் பெட்டியிலிருந்த பழைய கடிதங்களை எல்லாம் எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கொதிக்கிற எண்ணெய் கொட்டி உன் இடது கை வெந்துபோய் ஒரு மாதம் வேலைக்குப் போகாமல் இருந்தாய் என்று இருக்கிறது. எனக்குச் சொல்லப்பட்டது சௌக்கியம். அந்தக் கையை நினைத்துக்கொண்டு அன்று நான் சாப்பிடவில்லை. அதிலிருந்து எதையும் இன்னொருவர் வாயால் கேட்டு நம்புவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

உன்னுடைய கடைசிக் கடிதத்தைத்தான் முதன்முதலாகக் கடைக்காரரிடம் கொடுக்காமல் முழுக்க நானே படித்தேன். படித்து முடிக்க மூன்று நாள் ஆயிற்று. வைகாசி முகூர்த்தத்துக்குக் கீரனூரில் ஒரு கல்யாணச் சமையலை நீ தனியாக ஏற்றிருக்கிறாய் என்று படித்ததும் பக்கத்து வீட்டுக்கெல்லாம் போய்ச் சொன்னேன். திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தேன். அதில் மூன்று விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. சுட்ட கத்தரிக்காய்த் தயிர்ப் பச்சடியை முதல் நாள் சாயங்காலமே கலந்து, திருச்சியிலிருந்து ஐஸ் கட்டி வாங்கி அதற்குள் வைத்துவிடப்போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கத்தரிக்காய் எனக்கு ஆகாது அல்லவா, அதனால் பச்சடியைக் கூட இருப்பவர்கள்தான் ருசி பார்ப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். கல்யாண வீட்டார் அன்னவாசல் செல்லாயி வீட்டுத் தயிரைச் சொன்னார்கள், அந்தத் தயிர் வேண்டாம் என்று நீங்கள் எப்போதும் சொல்வீர்களே, அதனால் மறுத்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறாய்.

இந்த மூன்றும் ஒரே அடுப்பிலிருந்து வந்தவை. அந்த அடுப்பை மூட்டியவன் நான். இதை முக்குக் கடைக்காரரிடம் சொல்லி எழுதச் சொல்ல முடியாது. வாத்தியாரிடமும் முடியாது. உண்மையைச் சொன்னால், நான் இந்த வயதில் எழுத்துப் படிக்கப் போனதே இதை ஒரு நாள் உனக்கு எழுத வேண்டும் என்றுதான். போகும்போது எனக்கே அது சரியாகத் தெரியவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது.

முதலில் பச்சடியைச் சொல்லிவிடுகிறேன். அதுதான் அவசரம். இடையில் நான் செத்துப்போனாலும் இது உன்னிடம் வந்து சேர வேண்டும்.

நம் சமையலில் சாம்பாரை நம்பலாம், ரசத்தை நம்பலாம். அவை கொதித்தவை, இன்னொரு தடவை கொதிக்கவும் வைக்கலாம். பச்சடி அப்படி இல்லை. கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோல் உரித்து மசித்த பிறகு அது நெருப்பையே பார்ப்பதில்லை. அதில் பச்சைத் தேங்காய் சேருகிறது, தயிர் சேருகிறது, பத்துப் பேர் கை சேருகிறது. வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருப்பதால் பார்க்கிறவனுக்கு அதன்மேல் சந்தேகமே வராது. நீ சந்தேகப்படு. சமையல் கொட்டகையில் இருக்கிற அத்தனை பாத்திரத்திலும் அதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். முதல் நாள் கலக்காதே. விடிவதற்கு முன்னால் தணல் போட்டு, இரண்டு பேரை உரிக்க வைத்தால் முடிந்துவிடுகிற வேலை அது. சுட்ட காயைச் சூட்டோடு குவித்து மூடாதே. மூடியில் வேர்க்கிற தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே விழும். பச்சடி அந்தத் தண்ணீரிலிருந்துதான் கெட ஆரம்பிக்கும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி, மெல்லிய துணி போட்டு ஆறவிடு. தேங்காயைக் கடைசியில் அரை. எல்லாவற்றிலும் முதலில் கெடுவது தேங்காய்தான். தயிரைத் தனியாகக் கற்சட்டியில், ஈர மணலுக்குள் வை. முன்வரிசையில் இலை போடும் சத்தம் கேட்ட பிறகு, அந்தப் பந்திக்கு வேண்டியதை மட்டும் கலந்து அனுப்பு. மிஞ்சியதை அடுத்த பந்திக் கலவையில் கொட்டாதே. எவ்வளவு மிஞ்சினாலும் சரி. பழையதில் ஒரு கரண்டி புதியதில் விழுந்தால் மொத்தமும் பழையதுதான்.

ஐஸ் விஷயம். நான் ஐஸ் கட்டியைத் திருச்சியில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன். மரத்தூளும் சாக்குமாகச் சுற்றி வைத்திருந்தார்கள். அது எந்தக் குளத்துத் தண்ணீர் என்று கேட்டேன். விற்றவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். அதனால் அதைப் பாத்திரத்துக்கு வெளியே வேண்டுமானால் அடுக்கிக்கொள், உள்ளே ஒரு துண்டுகூடப் போடாதே. இன்னொன்று, குளிர்ச்சி கெடுதலை மெதுவாக நடக்க வைக்கும், நிறுத்தாது. கெட்டுப்போனதை நல்லதாக்கவும் செய்யாது. குளிர்ந்து கிடக்கும் பச்சடி வாசனையை வெளியே விடாது என்பதால் அது இன்னும் பெரிய திருடன். ருசி பார்க்கும் கரண்டிப் பச்சடியை வெளியே எடுத்து, சற்று நேரம் வெயில் படாத இடத்தில் வைத்துவிட்டு மோந்து பார்.

எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பாய். ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் பிரிந்து நின்றால் பயப்படாதே, உப்புப் போட்ட தயிரும் காயும் அப்படித்தான் விடும். அந்தத் தண்ணீரில் சின்னச் சின்ன நுரைக் குமிழி இருந்தால் கொட்டிவிடு. கரண்டியைத் தூக்கும்போது நூல் விட்டால் கொட்டிவிடு. பாத்திரத்து ஓரத்தில் பச்சையாகவோ ரோஜா நிறமாகவோ ஒரு வளையம் தெரிந்தால், பாத்திரத்தோடு தூக்கி அப்பால் வை. நாக்கு நுனியில் வைத்ததும் தயிர்ப் புளிப்பு இல்லாமல் ஊசி குத்துவதுபோல ஒரு சுருக் வந்தால், துப்பிவிட்டு வாய் கொப்பளித்துவிட்டுக் கொட்டிவிடு. இத்தனையும் இல்லாமலே கெட்டுப்போன பச்சடியும் உண்டு, தம்பி. நாறாமல், நுரைக்காமல், நல்ல பிள்ளைபோல உட்கார்ந்திருக்கும். அதனால் மூக்கை மட்டும் நம்பாதே. எப்போது கலந்தது, எதில் வைத்தது என்று கேள். பதில் சொல்ல யாராவது ஒரு நொடி தயங்கினால் அந்தத் தயக்கமே போதும், கொட்டிவிடு.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. தாளிப்பதற்கு முன்னால் ருசி பார். தாளித்த பிறகு பார்ப்பதில் பயனில்லை. கடுகும் பெருங்காயமும் விழுந்துவிட்டால் எப்பேர்ப்பட்ட மூக்கும் ஏமாந்துவிடும். இதை நான் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நானே அப்படி ஏமாற்றியவன்.

அன்னவாசலுக்கு மேற்கே அந்தப் பெரிய வீட்டுக் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். உனக்கு எட்டு வயது. உன் ஆத்தா அரவைக்கு வந்திருந்தாள், நீயும் கூட வந்திருந்தாய். மாப்பிள்ளை அழைப்புக்கு வந்திருந்த நாயனக்காரர் வாசிப்பு அப்பேர்ப்பட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அதை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காலையில் செய்ய வேண்டிய பச்சடியைச் சாயங்காலமே சூட்டோடு மசித்து, தயிரையும் தேங்காயையும் கலந்து, ஒரு பித்தளை அண்டாவில் ஊற்றி இறுக்கி மூடிவிட்டு முன்வாசலுக்குப் போய்விட்டேன். அந்த அண்டாவுக்கு ஈயம் பூசி நாளாகிவிட்டது, அடிப்பக்கம் மஞ்சளாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. அதில் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும் என்று எனக்குத் தெரியும். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். வாசிப்பு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், நான் அதை ரசித்துத்தான் கேட்டேன்.

காலையில் மூடியைத் திறந்தபோது மேலே நுரை கட்டியிருந்தது. ஓரத்தில் மெல்லிசாக ஒரு பச்சை வளையம். மூக்கை வைத்தேன், சுரீர் என்றது. வெளியே முதல் பந்திக்கு இலை போட்டாகிவிட்டது. வேறு கத்தரிக்காயும் இல்லை, வேறு தயிரும் இல்லை. பச்சடி இல்லாமல் இலை போட்டான் என்று என் பெயர் கெட்டுப்போகுமே என்பது ஒன்றுதான் அப்போது என் கண்ணில் தெரிந்தது. பச்சை வளையத்தைத் துணியால் துடைத்தேன். நுரையை வழித்தேன். புதுத் தேங்காய் அரைத்துக் கொட்டி, கொஞ்சம் பால் விட்டு, இரண்டு மடங்கு பெருங்காயம் போட்டுத் தாளித்தேன். கமகமவென்று ஆகிவிட்டது. இரண்டாம் கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

நாம் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம். நீ என்னைக் கேட்டாய். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

"அப்பா, எனக்கு மட்டும் ஏன் பச்சடி போடல?"

"ஒனக்குக் கத்தரிக்காய் ஆகாதுடா. ஒடம்பெல்லாம் தடிச்சுப்போகும்."

"எப்பத் தடிச்சுச்சு?"

"சின்னதுல தடிச்சுச்சு. பேசாம சோத்தத் தின்னு."

தம்பி, உனக்கு எப்போதும் தடித்ததில்லை. உனக்குக் கத்தரிக்காய் ஆகும். அந்த ஒரு வேளைக்காக நான் சொன்ன பொய்யை நீ இருபது வருஷமாக உன் உடம்பின் குணம் என்று நம்பிக்கொண்டிருக்கிறாய். நான் நம்பவிட்டேன். ஒரு சமையல்காரன் தான் பரிமாறுகிற பண்டத்தைத் தானே வாயில் வைக்காமல் முந்நூறு இலைக்கு அனுப்பப் போகிறான் என்றால், அதற்கு நான்தான் காரணம். உன் கடிதத்தில் அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்ப எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

அன்று மத்தியானத்துக்கு மேல் ஒவ்வொருவராக வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினார்கள். கல்யாணப் பெண்ணே எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். புருஷன் வீட்டுக்குப் புறப்படுகிற நல்ல நேரம் போய்விட்டது. மூன்றாம் நாள்தான் அவளை வண்டியில் தூக்கி ஏற்றினார்கள். யாரும் சாகவில்லை. அது என் திறமையால் அல்ல. வீட்டுப் பெரியவர் சமையல் கொட்டகைக்கு வந்து நின்றார்.

"என்னய்யா போட்ட? உண்மையச் சொல்லு."

"எல்லாம் நல்ல சாமானுங்கய்யா. தயிரு மட்டும் அன்னவாசல்ல இருந்து வந்துச்சு. செல்லாயின்னு ஒரு பொம்பளை. அதுல என்ன கெடந்துச்சோ, நான் என்னத்தக் கண்டேன்."

நான் சொன்னது அவ்வளவுதான். ஆனால் அது போதுமானதாக இருந்தது. அவள் கொடுத்த தயிர் நல்ல தயிர். வெட்டினால் துண்டாக நிற்கும். அதன் பிறகு பல வருஷம் சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாண வீட்டிலும் அவள் பானையை வாசலுக்கு உள்ளே விடவில்லை. தலையில் கூடையைச் சுமந்து தெருத் தெருவாக மோர் விற்றுக்கொண்டிருந்தாள் என்று கேள்விப்பட்டேன். என் பெயர் கெடவில்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அதிகமாக வேலை வந்தது.

உன் ஆத்தா அன்று வீட்டுக்கு வந்ததும் என் கையைப் பிடித்து மோந்து பார்த்தாள். "என்னங்க, பச்சடிக்கு இம்புட்டுப் பெருங்காயமா?" என்றாள். நான் கையை உருவிக்கொண்டு கழுவப் போனேன். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து சாகிற வரைக்கும் நான் சமைத்ததை மோந்து பார்க்காமல் அவள் ஒரு கவளம்கூட வாயில் வைத்ததில்லை. நீ அதை அவள் பழக்கம் என்று நினைத்துச் சிரிப்பாய். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன்.

இதுவரை எழுதி நான்கு நாள் நிறுத்தி வைத்தேன். உனக்கு எழுதினால் மட்டும் போதுமா என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அதனால் நேற்றுக் காலையில் பஸ் ஏறி அன்னவாசல் போனேன். ஊர்ப் பெயரைப் பலகையில் படித்துத்தான் இறங்கினேன், யாரையும் கேட்கவில்லை. வழியெல்லாம் அவள் இருக்க மாட்டாள், எங்காவது போயிருப்பாள் என்று மனம் சொல்லிக்கொண்டே வந்தது. அப்படி இருந்தால் நல்லது என்றும் சொன்னது. இருந்தாள். கூரை நிழலில் உட்கார்ந்து மத்தால் கடைந்துகொண்டிருந்தாள். முடி முழுக்க வெளுத்துவிட்டது.

"யாரு? நெழலாத் தெரியுது. இங்கிட்டு வெளிச்சத்துக்கு வாங்க" என்றாள். வந்து நின்றேன். கொஞ்ச நேரம் பார்த்தாள். "அட, பச்சடிக்காரரு! வழி தப்பி வந்துட்டீங்களா?"

"ஒங்களப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னய எதுக்கு? இன்னொரு பந்தியில யாருக்காச்சும் வவுத்தால போகுதா? ஆளு வேணுமா, பழி போட?"

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாயனம், அண்டா, பச்சை வளையம், பெருங்காயம், இப்போது எழுதப் படிக்கக் கற்றது வரைக்கும். கடைவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"என் தயிருல கொறை இல்லைன்னு சொல்லத்தான் இம்புட்டுத் தொலைவு வந்தீங்களா? அது எனக்குத் தெரியாதா? நான் ஒறை ஊத்துன தயிரு. எனக்குத் தெரிய வேண்டியது வேற. எலையில போடும்போது அது கெட்டுப்போச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். இத்தனை வருஷம் என் நெஞ்சுக்குள்ளே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரிந்தும் தெரியாமலும் என்று.

"தெரியும். என் மகன் எலையில போட விடல."

அப்போதுதான் மத்து நின்றது. மத்தில் ஒட்டியிருந்த வெண்ணெயை விரலால் வழித்துப் பானையில் விட்டாள். பிறகு, "ஊரான் பிள்ளை எலையில விழுந்தாப் பரவாயில்ல" என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை, சும்மா சொன்னாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கொஞ்சம் கழித்து, "எழுதப் படிக்கக் கத்துக்கிட்டீங்கன்னு சொன்னீங்கள்ல. இப்பச் சொன்னத எழுதிக் குடுங்க" என்றாள். மடியில் பென்சில் வைத்திருந்தேன். தாளும் இருந்தது, உனக்கு எழுத வாங்கியதில் ஒன்று. தரையில் குந்தி எழுதினேன். செல்லாயி தயிரில் குறை இல்லை, கெடுத்தது நான், கெட்டது என்று தெரிந்தே பரிமாறினேன் என்று நான்கு வரி. கடைசியில் என் பெயர். அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தாள். மூக்கின் அருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தாள்.

"இதுல என்ன கெடக்குன்னு எனக்கு எப்புடித் தெரியும்? மறுபடியும் என் பேரத்தான் இழுத்து வச்சிருக்கீங்களோ என்னமோ."

"நானே படிச்சுக் காட்டுறேன்."

"ஒங்க வாயால ஒருதரம் கேட்டதே போதும். வாரச் சந்தையன்னைக்கு எனக்குத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வருவாரு. நாலு பேரு கேக்க அவரு படிக்கட்டும். அன்னைக்கு அந்தப் பேச்சு நாலு பேரு முன்னாலதானே போச்சு. நீங்களும் பக்கத்துல வந்து நில்லுங்க. நிப்பீங்களா?"

"வாரேன்" என்றேன்.

கிளம்பும்போது உன் கீரனூர்க் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னேன். தயிர் தருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே சொன்னாள்: "தயிரு அனுப்புறேன். ஆனா பானையக் கொண்டாற என் மருமகன் முன்னாலயே ஒங்க மகன் வாயில போட்டுப் பாக்கணும். பாத்து, நல்லாருக்குன்னு வாய்விட்டுச் சொன்ன பெறகுதான் பானை கைமாறும். அதுக்குப் பெறகு கெட்டா அது ஒங்க குத்தம். தகப்பன் மாதிரி நான் என்னத்தக் கண்டேன்னு சொல்லக் கூடாது."

நான் அன்று கொட்டகையில் சொன்ன வார்த்தை அப்படியே அவள் வாயில் இருந்தது, தம்பி. யாரோ கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள்.

அதனால் கீரனூர்க் கல்யாண வீட்டாரிடம் சொல்லி அன்னவாசல் தயிரையே வரவழைத்துக்கொள். அவள் சொன்னபடியே வாசலில் நின்று, உன் பாத்திரத்தில் ஒரு சொட்டு விழுவதற்கு முன்னால் சாப்பிட்டுப் பார். இனி எந்த வீட்டில் சமைத்தாலும், யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அப்படியே செய். பாலோ எண்ணெயோ தேங்காயோ, கொடுத்தவர் எதிரிலேயே பார்த்து வாங்கு. நல்லது என்று ஒப்புக்கொண்டு வாங்கிய பிறகு அது உன்னுடையது. அந்த வழக்கம் எனக்கு இருந்திருந்தால் அவள் பெயரைச் சொல்ல அன்று எனக்கு நாக்கு வந்திருக்காது. பித்தளைப் பாத்திரங்களுக்கெல்லாம் இந்த வாரமே ஈயம் பூசக் கொடுத்துவிடு. நாயனம் எவ்வளவு நன்றாக வாசித்தாலும் கொட்டகையை விட்டுப் போகாதே.

பச்சடியையும் நீயேதான் ருசி பார்க்க வேண்டும், தாளிப்பதற்கு முன்னால். அதற்கு முதலில் நீ கத்தரிக்காய் தின்னப் பழக வேண்டும். இந்தக் கடிதம் கிடைத்த அன்றே ஒரு பிஞ்சாகப் பார்த்து வாங்கித் தணலில் சுட்டு, உப்பு மட்டும் போட்டு ஒரு விரல் அளவு வாயில் வை. ஒரு நாள் பொறுத்துப் பார். ஆகும் என்றுதான் சொல்கிறேன். ஆனால் உன் உடம்பைப் பற்றி ஒரு தடவை பொய் சொன்னவன் நான், என் பேச்சை அப்படியே நம்பிவிடாதே. நீயே பார்த்துத் தெரிந்துகொள்.

சந்தை வருகிற வாரம். அங்கே நின்று கேட்டுவிட்டு வந்ததும், யார் யார் என்னென்ன சொன்னார்கள் என்பதை எல்லாம் என் கையாலேயே எழுதி அனுப்புகிறேன். ஒரு வார்த்தை விடமாட்டேன். சௌக்கியம் என்று ஒரே சொல்லில் முடித்துக் கொடுக்கிற கடைக்காரர் இனி நமக்கு நடுவில் இல்லை. நீயும் அதற்குள் பதில் போடு. எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும், கத்தரிக்காய் எப்படி இருந்தது?

இப்படிக்கு,
உன் அப்பா